ஜன்னலை உடைத்தவனின் பந்து

பிப்ரவரியில் என் மனைவி பெர்னிஸ் இறந்த பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவளுடைய குரலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அவள் வேலை பார்த்த இடத்து முதலாளி கல்லறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே எங்க யார்டு அமைதியா இருக்கும் சார். நினைச்சாலே பயமா இருக்கு” என்றார். எங்கள் பேஸ்பால் மைதானத்து நண்பர் ஹெக்டர் எதுவும் சொல்லவில்லை. ஹெக்டர் பேசாமல் நின்றதை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

சிகாகோவின் வடக்கே, தண்டவாளத்தை ஒட்டி ஒரு யார்டு இருக்கிறது. கண்ட இடத்தில் நிறுத்திய கார்களை இழுத்துவந்து அங்கே அடைத்து வைப்பார்கள். அதன் கவுன்ட்டரில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால், பெர்னிஸ் இருபத்தாறு வயதிலிருந்து உட்கார்ந்திருந்தாள். காரை மீட்க வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு வருவதில்லை. முதலில் கெஞ்சுவார்கள், பிறகு கண்ணாடியில் குத்துவார்கள். அவள் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். ரசீது, லைசென்ஸ், முழுத்தொகை. நானும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் அவளை முதலில் பார்த்தேன். எனக்கும் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

கோடையில் விடுமுறை நாள் ஆட்டமென்றால், பேஸ்பால் மைதானத்தின் இடது மூலையில் மதிலுக்குப் பின்னாலிருந்த திறந்த பெஞ்சுகளில் மூன்றாவது வரிசை எங்களுடையது. எழுதி வாங்கியது அல்ல. அவள் அங்கே உட்காருவாள் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். ஆட்டத்தைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். வாரம் முழுவதும் திட்டு வாங்கிய ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திட்டித் தீர்ப்பது எனக்குச் சலிக்கவே இல்லை.

அந்தப் பெஞ்சுகளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எதிரணிக்காரன் மதிலைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து எங்கள் நடுவே வந்து விழுந்தால், பிடித்தவர் அதைத் திரும்ப மைதானத்துக்குள் வீசிவிட வேண்டும். எங்கள் ஆள் அடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைக்கலாம். எதிரி அடித்தது எங்களுக்கு ஆகாது. வீசத் தயங்கினால் மொத்தப் பெஞ்சும் எழுந்து நின்று “வீசு! வீசு!” என்று கத்தும். அந்தக் கத்தலைத் தொடங்கி வைப்பது எப்போதும் பெர்னிஸ்தான்.

இதில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. சிலர் வீட்டிலிருந்து பழைய பந்தொன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஹோம் ரன் பந்து கையில் சிக்கினால், அதை ஒளித்துவிட்டுப் பழையதை வீசுவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குப் பக்கத்தில் உட்காரும் தபால்காரர் ஹெக்டர் அந்த ரகம். பதினைந்து வருடமாக அவருடைய பையில் அப்படியொரு பந்து இருந்தது. பதினைந்து வருடமாக பெர்னிஸ் அவரை விடவில்லை.

“வந்துட்டான் கள்ளப்பந்துக்காரன். டேய் ஹெக்டர், ஜனங்களோட லெட்டரையும் இப்படித்தான் மாத்திக் குடுக்கறியா?”

“உன் யார்டுலேருந்து காரை மாத்திக் குடுத்தா நல்லா இருக்கும் பெர்னிஸ். என்னோடதைவிட நல்ல வண்டியா ஒண்ணு பாரேன்.”

“அதுக்கும் முழுப்பணம் கட்டணும்.”

ஒரு ஜூலை மாதம், ஏரிப்பக்கமிருந்து வராமல் நகரத்துப் பக்கமிருந்து காற்று வீசிய நாள். அப்படி வீசினால் பந்துகள் மதிலைத் தாண்டும். எங்கள் வரிசையில் ஒரு அம்மாள் வந்து, இடம் இருக்கிறதா என்று கேட்டார். அறுபதைத் தாண்டிய வயது, பூப்போட்ட சட்டை, தலையில் எங்கள் அணியின் புத்தம் புதிய தொப்பி. விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பெயர் எர்சிலியா என்றார். ஊர், கரீபியன் கடலில் குராசோ தீவு. ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை. சுற்றுலாக் குழுவோடு வந்தவர். மற்றவர்கள் எல்லோரும் ஆற்றில் படகேறி உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்க்கப் போய்விட்டார்கள்.

“கட்டடம் எங்கயும் போயிடாது. ஆட்டம் இன்னைக்கு மட்டும்தானே, கண்ணு?” என்று பெர்னிஸைப் பார்த்துக் கேட்டார். எல்லோரையும் அவர் கண்ணு என்றுதான் கூப்பிட்டார், ஹெக்டரைக்கூட.

அவருக்கு ஆட்டம் நன்றாகத் தெரிந்திருந்தது. எங்களைத்தான் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் இங்கே யாரும் மேளம் கொண்டுவருவதில்லை? மேளச் சத்தம் இல்லாமல் இவ்வளவு நேரம் எப்படி உட்காருகிறீர்கள்? ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வந்ததும் ஏன் எல்லோரும் எழுந்து நின்று பாடுகிறார்கள், கால் மரத்துப் போகிறதா? ரொட்டிக்குள் இறைச்சி வைத்த ஹாட்டாக் ஒன்றை வாங்கி, அதன்மேல் தக்காளி சாஸ் வேண்டுமென்று அவர் கேட்டபோது மொத்த வரிசையும் மூச்சை இழுத்தது.

“எங்க ஊர்ல ஹாட்டாக் மேல தக்காளி சாஸா? அம்மா, மெதுவாப் பேசுங்க. போலீஸ் வரும்” என்றார் ஹெக்டர்.

“போடக் கூடாதா? ஏன்?”

ஹெக்டர் யோசித்தார். “ஏன்னு யாருக்கும் தெரியாது. கூடாது.”

எர்சிலியா விழுந்து விழுந்து சிரித்தார். பெர்னிஸுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எதிரணியில் ருட்மில் என்று ஒரு இளைஞன். அவன் இரண்டு முறை மட்டை பிடிக்க வந்து இரண்டு முறையும் பந்தைத் தொடாமல் திரும்பினான். இரண்டு முறையும் எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டி ஆர்ப்பரித்தவர் எர்சிலியா. “போ, போ, போய் உட்காரு!” என்று எழுந்து நின்று கத்தினார்.

“பாத்தியா?” என்றாள் பெர்னிஸ் என்னிடம். “கடல் தாண்டி வந்திருக்கு. நம்ம ஆளு.”

எட்டாவது இன்னிங்ஸில் அதே ருட்மில் அடித்த பந்து எழும்பியது. எழும்பியபோதே தெரிந்துவிட்டது. மதிலைத் தாண்டி, எங்களுக்கு முன்னால் இருந்த பெஞ்சின் முதுகில் பட்டுத் துள்ளியது. யார் யாரோ பாய்ந்தார்கள், ஒருவருடைய பீர் என் முதுகில் கொட்டியது. பந்து எர்சிலியாவின் இரண்டு கைகளுக்குள் இருந்தது. தெருப்பிள்ளைகளின் பந்தைப் பிடுங்கிப் பழகிய கைகள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

“வீசு! வீசு! வீசு!”

எர்சிலியா எழுந்து நின்று எல்லாப் பக்கமும் முத்தங்களைப் பறக்கவிட்டார். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். சத்தம் இன்னும் கூடியது. அவரும் இன்னும் வேகமாகக் கையாட்டினார்.

“ஏம்மா,” என்றாள் பெர்னிஸ், அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, “பாராட்டலை. பந்தை உள்ள தூக்கிப் போடச் சொல்றாங்க.”

“எதுக்கு?”

“அவங்க ஆள் அடிச்சது. நமக்கு வேண்டாம்.”

“எனக்கு வேணுமே கண்ணு.”

“வேணும்னாலும் வச்சுக்கக் கூடாது. இங்க வழக்கம் அது. தொப்பி வேற நம்மளோடது போட்டிருக்கீங்க.”

“வந்த ஊருக்கு மரியாதைன்னு வாங்கினேன்.” எர்சிலியா பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இதை அடிச்சவன் எங்க தெருப் பையன். எட்டு வயசுல என் வீட்டு ஜன்னலை உடைச்சான். மாத்தித் தரேன்னு அவங்கம்மா சொன்னா. இன்னைக்கு வரைக்கும் தரலை. ஒரு மழைக்காலம் பூரா அட்டையை ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்ப மகன் பணத்துல மாடி வீடு கட்டிட்டா, என் கண்ணாடி மட்டும் ஞாபகம் வரலை. இந்தப் பந்தைக் கொண்டுபோய் அவ சாப்பாட்டு மேசையில வச்சு, ‘உன் பையன் இன்னமும் என்னைப் பார்த்துத்தான் அடிக்கிறான்’னு சொல்லணும். அப்ப அவ மூஞ்சியைப் பார்க்கணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். வேற எதுக்கு?”

பின்னாலிருந்து பெர்னிஸின் பெயரைச் சொல்லியே கத்தத் தொடங்கினார்கள். “பெர்னிஸ், என்ன பண்றே? வீசச் சொல்லு!” இத்தனை வருடமும் தயங்கியவர்களை எல்லாம் வீச வைத்தவள் அவள். ஒருமுறை, பிறந்த நாளென்று சொல்லிக் கெஞ்சிய ஒருவனைக்கூட விடவில்லை. இப்போது எர்சிலியாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கவுன்ட்டரில் லைசென்ஸைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி.

பிறகு குனிந்து, “ஹெக்டர், உன் பையில இருக்கிறதை எடு” என்றாள்.

“எதை?”

“தெரியாத மாதிரி கேக்காதே.”

“பதினஞ்சு வருஷமா என்னைத் திருடன்னு...”

“இப்பவும் திருடன்தான். எடு சீக்கிரம்.”

ஹெக்டர் எடுத்துக் கொடுத்தார். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் விவரிக்க முடியாது. பெர்னிஸ் எர்சிலியாவைக் கட்டிக்கொள்வதுபோல் மறைத்து, நல்ல பந்தை அவருடைய கைப்பைக்குள் தள்ளினாள். பழையதை உயர்த்திக் காட்டினாள். “பிடுங்கிட்டா! பெர்னிஸ் பிடுங்கிட்டா!” என்று பெஞ்சுகள் கொண்டாடின.

அவளுக்கு வலது தோளில் வலி இருந்தது. நான் வீசியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. அவள் தன் பலத்தையெல்லாம் சேர்த்து வீசினாள். பந்து மைதானத்துக்குள் போகாமல், மதிலின் உச்சியில் கட்டியிருந்த கம்பி வலைக்குள் விழுந்து அங்கேயே கிடந்தது. முன்வரிசைப் பையனொருவன் எட்டிப் பார்த்தான். பிறகு அதை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான். பழுப்பேறி, தையல் பிரிந்து, ஒரு பக்கம் தோலே இல்லாத பந்து.

“டேய், இது நாய் கடிச்ச பந்துடா!”

அது உண்மை. ஹெக்டரின் நாய் கடித்தது.

உடனே கிளம்பிய ஊளை எதிரணிக்குக்கூட அன்று கிடைக்கவில்லை. “பெர்னிஸ், நீயுமா?” “கள்ளப்பந்துக்காரி!” “வெளியே போ!” அவளுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

“ஆமா, கள்ளப்பந்துதான்! என்ன இப்ப?”

என்ன இப்ப என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் இன்னும் பலமாக ஊளையிட்டார்கள். எர்சிலியா பயந்துபோய்க் கைப்பையைத் திறந்தார். “இந்தா கண்ணு, போட்டுடு. எனக்கு வேண்டாம். உன்னை எல்லாரும் திட்டறாங்க.”

“மூடி வைங்க. திட்டு வாங்கறதுக்குத்தான் எனக்கு மாசச் சம்பளமே” என்றாள் பெர்னிஸ்.

ஆட்டம் முடிந்ததும் எர்சிலியாவை அவருடைய விடுதிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, நாங்கள் ரயில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஏன் செய்தாய் என்று கேட்டேன். குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“என் கவுன்ட்டருக்கு வர்றவன் எல்லாம் என்ன சொல்லுவான்? அம்மா செத்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும், குழந்தைக்கு ஜுரம். ஒருத்தன் ஒரே வருஷத்துல மூணு தடவை அம்மாவைக் கொன்னான். இந்தம்மா நினைச்சிருந்தா, அந்தப் பையன் என் பேரன், அவன் தாத்தா சாகக் கிடக்கறாருன்னு சொல்லியிருக்கலாம். நானே அழுதிருப்பேன். ஆனா வீசச் சொல்லியிருப்பேன்.” வலித்த தோளைத் தளர்த்திக் கம்பியில் கையை மாற்றிக்கொண்டாள். “பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சியைப் பார்க்கணும்னு சொன்னாங்க பாரு. இவ்வளவு சின்ன விஷயத்தை இப்படிப் பச்சையா யாரும் எங்கிட்ட சொன்னதே இல்லை.”

“உன் பேர் போயிடுச்சே.”

“போயிடுச்சு” என்றாள். அது அவளுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுவதும் யார்டைப் பற்றி ஒரு கதைகூடச் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டுமா என்று சனிக்கிழமை என்னைக் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதே இல்லை. போகலாம் என்றேன்.

நாங்கள் படியேறியபோதே ஊளை தொடங்கிவிட்டது. ஹெக்டர் வரிசையின் நடுவில் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து, “வாம்மா என் இனமே!” என்றார். அவள் சிரிக்கவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து நேராகப் பார்த்தாள். மூன்று இன்னிங்ஸ் வரை வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் அவ்வளவு அமைதியாக ஒருத்தி இருப்பது எனக்குப் பழக்கமில்லாததால், எனக்கு ஆட்டமே புரியவில்லை.

நான்காவது இன்னிங்ஸில் எதிரணியின் ஹோம் ரன் ஒன்று எங்களுக்கு இரண்டு வரிசை மேலே விழுந்தது. கல்லூரிப் பையனொருவன் பிடித்தான். கத்தல் எழுந்தது. அவன் வீசாமல், பெர்னிஸைக் கைகாட்டினான்.

“அவங்களுக்கு மட்டும் வேற சட்டமா? போன ஆட்டத்துல அந்தம்மாவை வச்சுக்க விட்டாங்களே!”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பெர்னிஸ் மெதுவாக எழுந்து, அவன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அதை அடிச்சவன் உன் வீட்டு ஜன்னலை உடைச்சானா?”

“என்னது?”

“உன் வீட்டு ஜன்னல். உடைச்சானா, இல்லையா?”

“இல்ல...”

“அப்ப வீசு!”

சிரிப்பு முதலில் ஹெக்டரிடமிருந்துதான் வந்தது. பிறகு மொத்தப் பெஞ்சும் சிரித்தது. அந்தப் பையன் வீசினான், நல்ல தோள், பந்து மைதானத்தின் நடுவே இரண்டாவது பேஸ்வரை போனது. பெர்னிஸ் உட்கார்ந்து, “பீர் வாங்கிட்டு வா” என்றாள் என்னிடம். அன்று மிச்சமிருந்த இன்னிங்ஸ்கள் முழுவதும் கத்தினாள்.

அதன் பிறகு யாராவது வீசத் தயங்கினால் பெஞ்சுகளில் அந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. அவளும் கேட்டாள், மற்றவர்களும் கேட்டார்கள். கடைசி இரண்டு கோடைகளில் அவளால் படியேற முடியவில்லை. அப்போதும் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஹெக்டரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இந்த ஜூனில் தனியாக ஒரு நாள் போனேன். ஹெக்டர் வரவில்லை, மகளுடைய ஊருக்குப் போயிருந்தார். எங்கள் வரிசையில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எதிரணியின் பந்தொன்று வலது பக்கமாக வந்து விழுந்தது. பிடித்தவள் ஒரு இளம்பெண். அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜன்னலை உடைச்சானா?” என்று எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். திரும்பிப் பார்த்தேன். தாடி வைத்த, முப்பது வயதுக்காரர். அவரை நான் பார்த்ததே இல்லை.

“எந்த ஜன்னல்?” என்று அவருடைய நண்பர் கேட்டார்.

“தெரியலை. இங்க அப்படித்தான் கேப்பாங்க.”

அந்தப் பெண் பந்தை வீசினாள். நானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.