கடைசி வரியில் ஒரு தேதி

கணினித் திரைக்குக் கீழே, மேசை விளிம்பில், அவர் ஒரு தாளை ஒட்டியிருந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட முப்பத்தொரு கட்டங்கள், மாதம் ஒரு தாள். அவற்றுக்கு மேலே நீல மையில், 'சாயங்காலம் கிளம்பும் முன் திரையின் கடைசி வரியில் இன்றைய தேதி இருக்கிறதா என்று பார்த்து டிக் செய்யவும்' என்று எழுதியிருந்தார். என் வேலை அவ்வளவுதான். பார்ப்பதும் டிக் போடுவதும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது.

அப்போது நான் மன்னார்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். தாளை ஒட்டியவரைச் சிஸ்டம் சார் என்போம். எங்கள் முதலாளிக்கு மூன்று ஊர்களில் இருந்த மருத்துவமனைகளின் கணினிகளெல்லாம் அவர் பொறுப்பு. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து செவ்வாய்தோறும் பைக்கில் வருவார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம். பேச்சு குறைவு. வந்ததும் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் அந்த ஏற்பாட்டைச் செய்ததே நான் குறைப்பட்டுக்கொண்டதால்தான். "சார், பேஷண்ட் பேர அடிச்சிட்டுப் போயி பிபி பாத்துட்டு வந்தாகூட இது சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்று ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னேன். அது பழைய கணினி, மெதுவாகச் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அதில் காசில்லாமல் கிடைக்கும் யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றைப் போட்டு அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மறுவாரம் வந்தபோது ரேம் என்கிற நினைவகத்தை மட்டும் கூட்டினார். பிறகு கட்டளைகள் அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து மூன்று வரிகள் அடித்தார். முதல் வரியில் நினைவகத்தில் இவ்வளவு இடத்தை ஒதுக்கி அதை ஒரு டிஸ்க்காக வைத்துக்கொள் என்றார். இயந்திரம் அதற்கு ஒரு பெயரும் எண்ணும் கொடுத்தது. இரண்டாம் வரி அதைக் கோப்புகள் தங்கும்படி ஆக்கியது. மூன்றாம் வரி அதை எங்கள் நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் மாட்டியது. அதன்பின் பேரை அடித்து முடிப்பதற்குள் ஆள் திரையில் வந்துவிட்டார்.

"கரன்ட் போனா சார்?"

"இதுல உள்ளது மொத்தமா போயிடும் மேடம். பேருக்குத்தான் டிஸ்க். அதனாலதான் மணிக்கு ஒருதரம் ஹார்டு டிஸ்க்ல காப்பி எழுதச் சொல்லிருக்கேன். திரும்ப ஆன் பண்ணா அந்தக் காப்பியதான் எடுத்துக்கும். எழுதுனா கடைசி வரில தேதி வரும். அத மட்டும் நீங்க பாத்துக்குங்க."

இரண்டு மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் தேதி சரியாகவே இருந்தது. சரியாகவே இருக்கும் ஒன்றை எத்தனை நாள் பார்ப்பது? பிறகு பார்க்காமலே டிக் போட்டேன். அதன்பிறகு சனிக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் சேர்த்துப் போட்டேன். பேனா மாறினால் தெரியும் என்று ஒரே பேனாவை வைத்துக்கொண்டேன். அந்தக் கவனம் எனக்கு இருந்தது.

அந்த வருடம் கார்த்திகை பிறக்கிற சமயத்தில் புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் தெருவில் மின்கம்பம் எதுவும் நேராக இல்லை. செல்போன் கோபுரங்களும் செத்துப்போயின. யூபிஎஸ் தீர்வதற்குள் ஜெனரேட்டரை ஓட்டினோம், கணினி அணையவில்லை. இரண்டாம் நாள் டீசல் கிடைக்கவில்லை. டாக்டர் வந்து, "மெஷினுக்கு மட்டும் ஓட்டுவோம். கம்ப்யூட்டர், ஏசி எல்லாத்தையும் நிறுத்திடலாமா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நிறுத்தலாம் சார், காப்பி இருக்கு" என்றேன். நானே பொத்தானை அழுத்தினேன்.

ஐந்தாம் நாள் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. கணினி எழுந்தது. பெயர்கள் வந்தன. சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். வாசலில் கூட்டம். புயலால் முறை தவறியவர்கள் எல்லோரும் மூச்சு வாங்க, முகம் வீங்கி வந்திருந்தார்கள். அவர்களில் முத்துப்பேட்டைக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வருகிற படகுக்காரரும் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். மீன் ஏற்றும் வண்டியில் மனைவியோடு வந்து இறங்கினார். டயாலிசிஸில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு எடை உண்டு. உடம்பில் தேங்கிய நீரை எடுத்தபின் நிற்க வேண்டிய எடை. அதற்குக் கீழே நீரை எடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அவர் ஒரு நீண்ட காய்ச்சலில் இளைத்து, அதன்பின் சாப்பிட்டுத் தேறியிருந்தார். தேறிய சதைக்கு ஏற்றபடி புயலுக்கு ஒரு வாரம் முன்புதான் டாக்டர் எடையை உயர்த்தியிருந்தார். திரையில் பழைய எண்தான் இருந்தது.

"அம்பத்திநாலுன்னு டாக்டர் சொன்னாருல்ல சிஸ்டர்?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல அம்பத்தொண்ணரைதான் இருக்குண்ணே."

"அப்ப சரி. நீங்க பாத்துச் செய்ங்க."

ஐம்பத்துநான்கு என்று அந்தக் கணினியில் பதிந்ததே நான்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது மணி நேரத்தில் அவருக்குக் கால்கள் இழுத்துக்கொண்டன. அழுத்தம் விழுந்தது. காலைத் தூக்கி வைத்தோம், சலைன் ஏற்றினோம், டாக்டர் ஓடி வந்தார். கண் திறந்துவிட்டார். ஆனால் வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கச் சொன்னபோது இடது கையைத் தூக்கினார். தஞ்சாவூருக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். நான் அடுத்த நோயாளிக்கு ஊசியை மாட்டினேன்.

சிஸ்டம் சார் மறுநாள் வந்து சேர்ந்தார். முழங்கையில் காயம், மூன்று நாள் தாடி. சாய்ந்த மரங்களுக்கு ஊடே பைக்கைத் தள்ளிக்கொண்டே பாதித் தூரம் வந்ததாகச் சொன்னார்கள். கறுப்புத் திரையைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். ஹார்டு டிஸ்க் நிரம்பிப்போய், கணினியை நான் நிறுத்துவதற்குப் பத்தொன்பது நாள் முன்பே காப்பி எழுதுவது நின்றிருந்தது. கடைசி வரியில் அந்தத் தேதிதான் இருந்தது. பிறகு அவர் குனிந்து மேசை விளிம்பைப் பார்த்தார். புயலுக்கு முந்தைய சனிக்கிழமை வரை எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. தாளைக் கிழியாமல் பிரித்தெடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

நிர்வாகி அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். "என் தப்புதான் சார். டிஸ்க் ரொம்பிட்டா தானா தகவல் வர்ற மாதிரி நான் வெச்சிருக்கணும்" என்றார் அவர். அதுவும் உண்மைதான். நான் கதவோரம் ஃபைலோடு நின்றேன். அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. ஃபைலின் ஒரு முனை மடங்கியிருந்தது, அதை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியோடு அவரை நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

படகுக்காரர் பிழைத்தார். வலது கை திரும்பவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே வேறு இடத்துக்கு மாறிக்கொள்வதாகச் சொல்லி, அவர் மனைவி பழைய ஃபைலை வாங்க வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்ததாலதான் உசுரு தங்குச்சுன்னு சொன்னாங்க சிஸ்டர்" என்றார். "உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றேன்.

இப்போது தஞ்சாவூரில் வேறொரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். பதிவுகளெல்லாம் எங்கோ தொலைவில் இருக்கின்றன. கரன்ட் போனாலும் அவை போவதில்லை என்கிறார்கள். யாரும் என்னை எதையும் பார்த்து டிக் போடச் சொல்வதில்லை. ஆனாலும் ஒவ்வொருவரிடமும் எடையை வாயால் கேட்டுவிட்டுத்தான் திரையைப் பார்க்கிறேன். போன மாதம் பழைய மருத்துவமனையில் இருந்த ஒருவர் சிஸ்டம் சாரின் எண்ணைக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். திருச்சியில் ஏதோ கம்பெனியில் இருக்கிறாராம். நலம் விசாரித்து முடிந்ததும் சொன்னேன்: "அந்தத் தேதிய நான் பாக்கவே இல்ல சார். சும்மாதான் டிக் போட்டேன்."

"தெரியும் மேடம்."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"அன்னைக்கு எங்க தோப்புல ஒரு தென்னைகூட நிக்கலங்க. வீட்டு ஓடு பூரா போயிடுச்சு. அதோட இதுவும் போவட்டும்னு இருந்துச்சு. யாரையும் குத்தம் சொல்றதுக்குத் தெம்பில்ல." பிறகு அவரே கேட்டார்: "அந்தப் படகுக்காரரு வீட்டுக்கு எப்பயாவது போனீங்களா?"

"இல்ல சார்."

"நான் ரெண்டு தடவ போனேன். ரெண்டாவது தடவ போனப்ப அவரு இல்ல. எறந்து எட்டு மாசம் ஆச்சுன்னாங்க. அந்தம்மா டீ போட்டுக் குடுத்தாங்க."

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"என்னத்தச் சொல்றது. ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் வேல பாத்தவன்னேன். அந்த சிஸ்டர் எப்படி இருக்காங்கன்னு அவங்கதான் உங்களப் பத்திக் கேட்டாங்க."

நான் கேட்காமலே வழி சொன்னார். முத்துப்பேட்டையில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். ஐஸ் கம்பெனிக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது வீடு, நீலக் கதவு. ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டேன். முத்துப்பேட்டை பஸ் எங்கள் மருத்துவமனை வாசலிலேயே நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. நான் இன்னும் போகவில்லை.