கண்ணாடியில் தெரிகிற வண்டி

வெர்ல் ஆல்ரெட் ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பொட்டாஷ் உப்புச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஓய்வு என்ற சொல்லுக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதுகூட அவன் இடது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும், முன் பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பி முறைப்பார்கள்.

கிரீன் ரிவர் என்கிற எங்கள் பாலைவன ஊரில் ஜீப் குழுவின் வசந்தகாலப் பயணத்துக்குப் பதினெட்டு வருடமாக அவன்தான் திட்டம் போடுகிறான். என் பெயர் டெல்மார். அவன் சொல்வதை எழுதுவதும், அவன் மாற்றச் சொல்வதை அழிப்பதும் என் வேலை. இந்த மார்ச்சில் மட்டும் டின்பாட் பள்ளத்தாக்குப் பயணத்தின் திட்டத்தைப் பதினோரு தடவை அழித்திருக்கிறேன். எரிச்சல் வந்தது. ஆனால் ஏன் இப்படித் தவிக்கிறான் என்று எனக்குத் தெரியும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன்.

காரணம் அவன் மனைவி லரூ. ஆறு வருடமாக எங்களோடு வராதவள், கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை நானும் வர்றேன், என் வண்டியில. ஆனா மொதல்ல ஒன் திட்டத்தப் பாக்கணும். பிடிக்கலன்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்காத."

ஆறு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதே டின்பாட் பள்ளத்தாக்கு, அன்று மூன்றே வண்டிகள். வெர்ல் முதலில், லரூ நடுவில், நான் கடைசி. எங்கள் குழுவுக்கு இருக்கிற ஒரே சட்டம், உனக்குப் பின்னால் வருகிற வண்டி உன் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் நில். பாதை பிரியும் இடத்தில் அது வந்து சேரும் வரைக்கும் நில். என் டயர் கிழிந்தது. கண்ணாடியில் நான் தெரியவில்லை என்றதும் லரூ சட்டப்படி நின்றாள். ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்டாள். "நீ போ, நான் மாத்திட்டு வந்துர்றேன்" என்று சொன்னவன் நான்தான். அடுத்து நடந்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வெர்லுக்கோ, வேறு கூட்டம் வந்து நல்ல கூடார இடத்தைப் பிடித்துவிடுமோ என்ற பதற்றம். பாதை பிரியும் இடத்தில் நின்றான், கண்ணாடியைப் பார்த்தான், பின்னால் தூசி எழுந்தது. லரூ வருகிறாள் என்று நினைத்து இடது பக்கம் போய்விட்டான். எங்கள் ஊரில் வண்டியைப் பார்ப்பதைவிடத் தூசியைப் பார்ப்பதுதான் அதிகம், அதனால் எவனும் செய்யக்கூடிய தப்பு. அது காற்று கிளப்பிய தூசி.

லரூ வலது பக்கம் போனாள். பாறைச் சுவர்களுக்கு நடுவில் ரேடியோ வேலை செய்யவில்லை. மறுநாள் மதியம் கண்டுபிடித்தபோது வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள், அரை பாட்டில் தண்ணீர் மிச்சம் இருந்தது. என்னைப் பார்த்து, "டெல்மார், டயரு சரியாயிடுச்சா?" என்றாள். வெர்லிடம் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது சனிக்கிழமை மதியம், வெர்லின் வண்டிக் கொட்டகை. வரைபடம் ஃப்ரீசர் மூடிமேல் விரிந்து கிடந்தது. வெர்ல் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணி. இல்ல, ஒண்ணரையாப் போடு."

"போன வாரம் ரெண்டுன்னியே?" என்றேன் நான்.

"அப்ப ரெண்டு போடு. பெட்ரோல் கேன் ஆளுக்கு மூணு."

"மூணா? நாம டின்பாட்டுக்குப் போறோமா, அலாஸ்காவுக்கா?" என்றாள் ஷானா பிட்ச்ஃபோர்த். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வாய் அடங்காது. "அதிருக்கட்டும், மூணு நாளு நாம போறதையெல்லாம் திரும்பக் கொண்டார்ற கக்கூஸ் பெட்டி யாரு வண்டியில? இந்தத் தடவை நான் ஏத்த மாட்டேன், சொல்லிட்டேன். போன வருஷ நாத்தம் இன்னும் சீட்டுல இருக்கு."

"என் வண்டியில கட்டு," என்றான் வெர்ல்.

ஷானாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினெட்டு வருடத்தில் அவன் இப்படிச் சொன்னதே இல்லை.

சமையலறைக் கதவு திறந்தது. லரூ மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெர்ல் என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தான். அவள் நின்றபடியே படித்தாள். தண்ணீர், பெட்ரோல், மூன்று நாளுக்கான கூடார இடங்கள், மழை வந்தால் திரும்பும் வழி. தலையை ஆட்டினாள். அவன் முகம் மலர்ந்தது. அடியில் வண்டிகளின் வரிசை இருந்தது. ஒன்று வெர்ல், இரண்டு லரூ, மூன்று ஷானா, நான்கு டெல்மார்.

"ஒன்ன எனக்குப் பின்னாலயே போட்டுருக்கேன் பாரு," என்றான் வெர்ல். "என் கண்ணு முன்னாலயே இருப்ப."

"போன தடவையும் நான் ரெண்டாவதுதான்," என்றாள் லரூ.

தாளை மடித்து ஃப்ரீசர்மேல் வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். கோபமே இல்லை குரலில். ஷானா தரையைப் பார்த்தாள்.

வெர்ல் கொட்டகை வாசல் வரை நடந்தான், திரும்பி வந்தான், மறுபடியும் நடந்தான். பிறகு, "லரூ, நில்லு," என்று கத்தினான். என் காதிலிருந்த பென்சிலை எடுத்து, தன் பெயரை அடித்து, முதல் இடத்தில் அவள் பெயரை எழுதினான். இரண்டாவதில் தன் பெயர். முன்னால் ஒரு வண்டி போக, அதன் தூசியைத் தின்றுகொண்டு பின்னால் போவது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

லரூ வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாதை பிரியற எடத்துல எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான் வெர்ல்.

"எடது பக்கம். வலது பக்கம் என்ன இருக்குன்னு எனக்கு நல்லாவே தெரியும்."

"நான் பின்னால நின்னுட்டா... நீ நிப்பியா?"

அவன் ஆறு வருடமாகக் கேட்காத மன்னிப்பு அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"தூசியப் பாத்துட்டுப் போறவ இல்ல நான்," என்றாள். "கண்ணாடில ஒன் மூஞ்சி தெரியற வரைக்கும் நிப்பேன். சாயந்தரம் ஆனாலும் நிப்பேன். போதுமா?"

வெர்ல் தண்ணீர் கேன்மேல் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். லரூ மாவுக் கையை அவன் தோளில் வைத்து, அங்கிருந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"டெல்மார், நீ மட்டும் போறதுக்கு முன்னாடி புது டயரு வாங்கிப் போடு."