இம்போடன் வீட்டுக்கு ஒரு குரல்

மெயின்ராட் இம்போடன் வாலிஸ் மலைச்சரிவில் இரண்டு பசுக்களும் ஒரு புல்வெளியுமாகத் தனியே வாழ்ந்தவர். அறுபதை நெருங்கும் வயது, யாரிடமும் வளையாத கழுத்து. முப்பத்தோரு வருஷமாக ஏப்ரல் மாத வாய்க்கால் வேலைக்கு அவர் போகாமல் இருந்ததில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் அள்ள வேண்டும். வராத வீட்டுக்கு அந்தக் கோடையில் தண்ணீர் முறை கிடையாது. தண்ணீர் இல்லையென்றால் புல் காயும், பசுக்களை விற்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் இடுப்பில் அறுவை சிகிச்சை. இருந்தும் ஊன்றுகோல்களில் தத்தித் தத்தி வாய்க்கால் தலைப்புக்கு வந்து சேர்ந்தார்.

வாய்க்கால் காவலர் ஒட்மார் வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டார். "இம்போடன் வீடு!"

"வந்திருக்கேன்" என்றார் மெயின்ராட்.

"யோவ், ஊன்றுகோல் வந்திருக்கு. மண்வெட்டி பிடிக்க கை எங்க?"

மெயின்ராட் ஊன்றுகோல்களை மண்ணில் அழுத்தி நிமிர்ந்து நின்றார். கெஞ்சிப் பழக்கமில்லை.

"இம்போடன் வீட்டுக்கு நான் இருக்கேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வேலித் தகராறில் ஏழு வருஷமாக அவரோடு பேசாத பக்கத்து நிலத்து அதெலினா.

"ஏம்மா, உன் வீட்டுக்குத்தான் இப்போ குரல் குடுத்தே?"

"ரெண்டு மண்வெட்டி கொண்டாந்திருக்கேன். கண்ணு தெரியலையா?"

ஒட்மார் முறைத்தார். "சட்டம் என்னாகிறது?"

"கெமைன்டன்னா, நம்ம ஊர்ச் சமூகம்னா, என்னன்னு நெனச்சே? வரிச்சீட்டு அனுப்புற ஆபீசா, ஞாயித்துக்கெழமை சபையா? ஊர்ச் சுமைய முறை வெச்சு மாத்தி மாத்திச் சுமக்கிறதுதான். அந்தச் சொல்லே அதுலதான் பொறந்துச்சு. இன்னிக்கு அவன் முறைய நான் சுமக்கிறேன். பாதிரியார்கிட்ட வேணா கேட்டுக்கோ."

யாரோ சிரித்தார்கள். இம்போடன் வீடு வந்ததாக ஒட்மார் நோட்டில் ஒரு கோடு போட்டார்.

அதெலினா மெயின்ராடைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்த வேலி நிக்கிற எடம் என்னுதுதான், அத மறந்துடாதே" என்று மட்டும் சொன்னாள்.

ஜூனில் மழை பொய்த்தது. முறை நாளில் தண்ணீர் சலசலவென்று அவர் புல்வெளிக்குள் இறங்கியது. மெயின்ராட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மடையை அடைக்கும் நேரம்வரை நின்றார். பிறகு வேலியைப் பிடுங்கி, தன் நிலத்துக்குள் எட்டு சாண் தள்ளி நட்டார்.

அடுத்த ஏப்ரலில் ஊன்றுகோல் இல்லாமல் தலைப்புக்கு நடந்து வந்தார். தோளில் இரண்டு மண்வெட்டிகள். கூப்பிட்ட வீடுகளெல்லாம் குரல் கொடுத்துவிட்டன. அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

"ஏம்பா, ஒருத்தன்கூடவா படுத்துக் கெடக்கல?" என்றார்.

அதெலினா வாய்விட்டுச் சிரித்தாள்.