வயோலாவுக்கு எழுதிய மெட்டு

முப்பது வயது தாண்டும்வரை, நான் எழுதிய இசையை மனிதர்கள் வாசித்து நான் கேட்டதில்லை. கணினிதான் வாசிக்கும். சுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் வயலின் என்ற பெயரில் ஒரு சத்தம் வரும். அது பிழைவிடாது, களைக்காது, மூச்சும் விடாது. சின்ன வயதில் சில வருடங்கள் கர்நாடக வயலின் படித்தவள் நான். வில் தந்தியில் உரசும்போது தாடையெலும்பில் ஏறும் அதிர்வு எனக்குத் தெரியும். அதனால் கணினியின் சத்தத்தைக் கேட்கக் கேட்க ஏக்கம்தான் கூடியது.

கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம் எடுப்பதும் பரிசோதிப்பதும் என் வேலை. குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஒன்று அங்கே இருக்கிறது. நிற்பதற்கு முன் அதன் ஓசை மெல்ல மெல்லக் கீழிறங்கி, ஏதோ ஒரு இடத்தில் தயங்கி, பிறகு அடங்கும். தினமும் கேட்டுக் கேட்டு அந்த இறக்கத்திலிருந்து ஒரு மெட்டு எனக்குள் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் ஒரு அறிவித்தலை முகநூலில் பார்த்தேன். இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வயோலா, எல்லாவற்றையும்விடத் தாழ்ந்து ஒலிக்கும் ஒரு செல்லோ என்று நான்கு பேர் கொண்ட குழு. இதுவரை மேடையேறாத இசையமைப்பாளர்கள் தங்கள் ஆக்கத்தை அனுப்பலாம், தெரிவானவர்களோடு சேர்ந்து ஒத்திகை பார்த்துக் கச்சேரியில் வாசிப்போம் என்று எழுதியிருந்தார்கள். நான் மேற்கத்தைய இசையெழுத்தை யூடியூப்பில் பார்த்துப் பழகியவள். அனுப்பக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அனுப்பினேன். தெரிவாகியிருப்பதாகச் செய்தி வந்தபோது பரிசோதனைக்கு வந்த ஒருவரின் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேலே நேரம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. "மிஸ், போதும்" என்றார் அவர்.

ஒத்திகை சனிக்கிழமைகளில், கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில். கடலோர ரயிலில் கோட்டை நிலையத்துக்குப் போய் அங்கிருந்து பஸ் எடுப்பேன். செல்லோ வாசிப்பவர் அந்தப் பகுதிக்காரி, பாடசாலை ஆசிரியை. மண்டபப் பூட்டின் திறப்பு அவரிடம்தான் இருந்தது. வயலின்காரர் இருவரும் அண்ணனும் தங்கையும், அதிகம் பேசாதவர்கள். வயோலாக்காரர் தெகிவளையிலிருந்து வரும் சிங்களவர். பகலில் ஒரு கம்பனியில் கணக்காளர்.

மின்விசிறி இசைத்தாள்களைப் பறக்கவிடும் என்று உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளால் தாள்களைப் பிடித்துவைத்திருந்தார்கள். பக்கத்துக் கோயிலில் ஏதோ திருவிழா. ஒலிபெருக்கி ஓயும்வரை காத்திருந்து என்னுடையதைத் தொடங்கினார்கள்.

கொஞ்சத் தூரத்தில் வயோலாக்காரர் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார். முக்கியமான மெட்டை நான் அவருக்குத்தான் கொடுத்திருந்தேன். நான் நினைத்த கமகங்களைக் குட்டிக் குட்டிச் சுரங்களாக நெருக்கி எழுதியிருந்தேன்.

"நங்கி" என்றார். சிங்களத்தில் தங்கை என்று அர்த்தம். கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். "எழுதியிருக்கிறபடி வாசித்தால் நுளம்பு பறக்கிற மாதிரி இருக்கு. நீங்கள் நினைத்தது இதில்லை. பாடுங்கள்."

நான் யார் முன்னாலும் பாடியதில்லை. செல்லோக்காரியைப் பார்த்தேன்.

"வெக்கப்படாதீங்க. இங்க யாரும் பாட்டுக்காரர் இல்ல" என்றார் அவர்.

பாடினேன். வயோலாக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பென்சிலால் என் குட்டிச் சுரங்களை எல்லாம் வெட்டிவிட்டு, மேலிருந்து கீழே ஒரு வளைந்த கோடு மட்டும் போட்டார். ஒரே விரலை வழுக்கிக்கொண்டு வாசித்தார். மெட்டு மெல்ல இறங்கி, தயங்கி, வயோலாவின் கடைசித் தந்தியில், விரல் எதுவும் வைக்காத அந்த வெறுஞ்சுரத்தில் போய் நின்றது. அதற்குக் கீழே அந்த வாத்தியத்துக்கு இடமில்லை.

"வயோலாவுக்கு யாரும் மெட்டுக் கொடுக்கமாட்டார்கள், நங்கி" என்றார். "நடுவில் இருந்து இடைவெளி நிரப்பத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்."

அடுத்த சனிக்கிழமைகளும் அப்படியே போயின. ஒரு இடத்தில் வயலின்கள் நெரிக்கின்றன என்றார்கள், குறைத்தேன். செல்லோக்காரி தன் பகுதியில் ஒரு பக்கத்தை வில் இல்லாமல் விரலால் சுண்டி வாசித்துக் காட்டி, "இப்படி வச்சுக்கலாமா?" என்று கேட்டார். "ஓம், இதுதான் நல்லம்" என்றேன். வீட்டில் தனியாக இருந்து எழுதிய காலத்தில், இப்படி ஒரு கேள்வியை யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று நினைத்திருக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள், முதல்முறையாக, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் வாசித்தார்கள். மாலை வெயில் மண்டபத்துக்குள் சாய்ந்திருந்தது. நான் அவர்களுக்கு மிகக் கிட்ட ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். வயோலா இறங்கத் தொடங்கியதும் மற்ற மூவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசிச் சுரம் நிலத்தின் வழியாக என் பாதத்துக்கு வந்தது. இறங்க இடமில்லாத ஒருவர் அங்கேயே நின்றுகொள்வதுபோல இருந்தது அது. முடிந்த பிறகும் யாரும் வில்லைத் தாழ்த்தவில்லை.

அதன்பிறகு பிளேன்டீ குடிக்கும்போதுதான் வயோலாக்காரர் சொன்னார். அவுஸ்திரேலியா விசா வந்துவிட்டது. மனைவி முன்னமே போய்விட்டார். அடுத்த கிழமை பயணம்.

"கச்சேரி?" என்று வயலின்காரி கேட்டார்.

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு கெதியாக வரும் என்று நான் நினைக்கவில்லை" என்றார்.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஒவ்வொருவருடைய வீட்டிலும் இப்படிப் போனவர்கள் இருந்தார்கள். இனி எத்தனையோ ஒத்திகைகள் இருக்கின்றன என்று நினைத்திருந்ததால், அன்று வாசித்ததை ஒருவரும் போனில் பதிவுசெய்திருக்கவில்லை.

கொழும்பில் வயோலா வாசிப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். செல்லோக்காரி எல்லோரையும் கேட்டுப் பார்த்தார். கச்சேரி நாளில் ஒருவருக்கும் வசதிப்படவில்லை. கடைசியில் நிகழ்ச்சியை மூன்று பேருக்கு மாற்றினார்கள். நானும் என்னுடையதை மாற்றி எழுதினேன். மெட்டு செல்லோவுக்குப் போனது. வயலினால் அவ்வளவு கீழே இறங்க முடியாது.

கச்சேரி கறுவாத்தோட்டத்தில் ஒரு சிறிய அரங்கில் நடந்தது. அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தா. அண்ணாவும் அண்ணியும் வந்தார்கள். செல்லோக்காரி அருமையாக வாசித்தார், உண்மையிலேயே அருமையாக. சனம் கைதட்டியது, என்னை எழும்பச் சொன்னார்கள்.

"நல்லா இருந்தது பிள்ளை" என்று அம்மா வெளியே வரும்போது சொன்னா. "உனக்கேன் முகம் வாடிப்போச்சு?"

மெட்டு வயோலாவில் போய் நின்ற அதே சுரம் செல்லோவிலும் இருக்கிறது. ஆனால் செல்லோவுக்கு அதற்குக் கீழே இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது. விரும்பினால் இறங்கலாம் என்ற வசதியோடு அது அங்கே நின்றது. கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

சில மாதங்களின் பின் வயோலாக்காரருக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். முடிந்தால் மெட்டு இறங்கும் அந்தப் பகுதியை மட்டும் வாசித்து அனுப்புவீர்களா என்று கேட்டேன். சில நாட்கள் கழித்துக் குரல்பதிவு ஒன்று வந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, நாலைந்து பேரோடு ஒரே வீட்டில் இருப்பதால் வயோலாவைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை என்றார். "கோபிக்காதீர்கள் நங்கி" என்றுவிட்டு மெட்டை வாய்க்குள் முனகினார். பின்னால் பஸ் ஒன்றின் இரைச்சல் கேட்டது. வளைந்த கோட்டை அவர் மறக்கவில்லை. கீழே போகப் போகக் குரல் காற்றாகிவிட்டது.

ஆய்வுகூடத்தின் பின்கதவடியில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதை அண்ணியிடம் சொன்னேன்.

"உண்மையைச் சொல்லும். அந்த மனுசனை நினைச்சோ ஏங்குறீர்?" என்று கேட்டா.

"இல்லை அண்ணி. அந்தச் சத்தத்தை."

அவ நம்பினாவோ தெரியாது. ஒரு மனிதரை நினைத்து ஏங்குவது என்றால் எல்லோருக்கும் விளங்கும். எங்கேயும் பதியாத சில நிமிடச் சத்தத்துக்காக ஏங்குவதை எப்படி விளங்கவைப்பது?

இந்த வருடமும் அந்தக் குழு அறிவித்தல் போட்டிருக்கிறது, மூன்று வாத்தியங்களுக்கு என்று. புதியவர்களுக்கான வாய்ப்பு என்பதால் நான் இனி அனுப்ப முடியாது. ஒத்திகைக்கு வந்து கேட்கலாம் என்று செல்லோக்காரி சொன்னார்.

"யாராவது வயோலாக்காரர் கிடைச்சா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்" என்றும் சொன்னார்.

"சொல்லுங்கோ" என்றேன். "எந்த நேரமெண்டாலும் வருவன்."