மதினியின் கம்ப்யூட்டரில் கிழிக்காத தேதி

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் கையில் இருக்கும் இந்தக் காலண்டர் தாளை மட்டும் மறக்கவில்லை. தினம் ஒன்றாகக் கிழிக்கிற காலண்டரின் சனிக்கிழமைத் தாள். முன்பக்கம் பெரிதாகத் தேதி, கீழே ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் பேனாவால் நான் எழுதிய ஒரு வரி: ஏழு எண்களும் மூன்று இங்கிலீஷ் எழுத்துகளும். எண்களை எழுதினேன். எழுத்துகளை, அடுத்த வீட்டு வாசல் கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல வளைவு வளைவாகப் பார்த்து வரைந்தேன்.

வீட்டுக்காரர் போன பிறகு அறந்தாங்கியில் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள் நான். அண்ணன் மீமிசல் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மதினிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிளஸ் டூ முடித்த கையோடு அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பிள்ளையை வளர்த்து, கட்டிக்கொடுத்து, ஐம்பது தாண்டிய பிறகு தபால் வழியில் வரலாறு பி.ஏ. சேர்ந்தார். அதற்குக் காரணம் மகளின் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை வீட்டில் மாமன், சித்தப்பா, சித்தி என்று எல்லார் பெயருக்குப் பின்னாலும் பட்டம் இருந்தது. பெண்ணைப் பெற்ற மதினியின் பெயர் மட்டும் மொட்டையாக நின்றது. பத்திரிகை வந்த அன்று அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "அடுத்த விசேசத்துக்கு ஏம்பேரு இப்புடி நிக்காது ஆத்தா" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

எல்லாத் தாளும் தேறி ஒரே ஒரு தாள் இரண்டு முறை போய்விட்டது. அப்போதுதான் கொரோனா வந்தது. பரீட்சையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம் என்றும், மதினி சேர்ந்த வருஷத்துக்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, தவறினால் முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றும் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை.

கம்ப்யூட்டர் என்றால் சென்னைக்குப் போன மகள் விட்டுச்சென்ற பழைய பெட்டி. மதினி அதில் பாடங்களை டைப் அடிப்பார், அவ்வளவுதான். வகுப்பெல்லாம் போனில் நடக்கும். அதற்கு இன்டர்நெட் தொடுப்பு கொடுத்ததே இந்தப் பரீட்சைக்காகத்தான். வியாழக்கிழமை பரீட்சைக்கான மென்பொருளை ஏற்றினால், "முதலில் கம்ப்யூட்டரை அப்டேட் செய்" என்று சொல்லிவிட்டது. அப்டேட் கொடுத்தால், சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், சுற்றும், கடைசியில் முடியவில்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். அணைத்துப் போட்டார், அதே வரி. மகள் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தார். இடம் போதாமல் இருக்கும் என்றாள் மகள். பத்து வருஷத்துப் படங்களையும் பாட்டுகளையும் அழித்தார். பிரிண்டர் வயரைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். கோளாறைத் தானே கண்டுபிடிக்கிற ஒரு வசதி உள்ளேயே இருக்கிறதாம், அதையும் ஓடவிட்டார். அது அரைமணி நேரம் யோசித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றது. கடைக்காரரைக் கூப்பிட்டால், ஊரடங்கில் வர முடியாது, பெட்டியும் பழசு, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். எந்தக் கடை திறந்திருந்தது வாங்க?

அண்ணன் வாய் சும்மா இருக்காது. "கடைசி ஸ்டாப்பிங்ல வந்து ஏறுனா சீட்டு எப்புடிம்மா கெடைக்கும்? எறங்கிரு, எறங்கிரு" என்றார். மற்ற நாளென்றால் மதினி பதிலுக்கு ஒன்று கொடுப்பார். அன்று அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். அவர் முதுகு குனிந்திருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. எனக்கோ அந்தப் பெட்டியோடு ஒரே ஒரு உறவுதான். மதினி எழுந்ததும் பிளக்கைப் பிடுங்கிவைப்பேன். ஒரு முறை இடி விழுந்து டிவி கருகியதிலிருந்து, எது ஓடி நின்றாலும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது அண்ணனின் சட்டம். வருஷக்கணக்காக அந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மதினிக்குத் தலைவலி தாங்கவில்லை. அப்டேட்டைக் கொடுத்துவிட்டு, "ஏத்தா, சித்த நேரம் இங்கிட்டு ஒக்காந்து பாரு. அந்த வரி வந்துச்சுன்னா அதுல இருக்குற நம்பரை எழுதிவையி. மக கேட்டா" என்று சொல்லிப் படுக்கப் போனார். எழுத வேறு தாள் கைக்கு அகப்படவில்லை. அன்று காலையில் கிழித்து மடியில் செருகியிருந்த சனிக்கிழமைத் தாள்தான் இருந்தது. வரி வந்தது. அழிந்துவிடுமோ என்ற பயத்தில் வேர்க்க வேர்க்க எழுதினேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டேன். இங்கிலீஷ் தெரியாதவளுக்குத் திரையில் கண் போகிற இடமெல்லாம் எண்கள்தான். கீழே வலது மூலையில், எறும்பு மாதிரி, இன்னும் சில எண்கள் இருந்தன. ஒன்று, ஒன்று, பிறகு ஒரு வருஷம். தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தேன். மறுபடி மூலையைப் பார்த்தேன். அந்த வருஷம், அவர்கள் மகளுக்குக் கல்யாணம் ஆன வருஷத்துக்கும் முந்தைய வருஷம்.

சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். படித்தவர்கள் மூன்று நாளாகப் பார்க்கிறார்கள், சென்னையில் இருக்கிற பிள்ளை பார்க்கிறாள், ஐந்தாம் வகுப்பு நான் போய் என்ன சொல்ல? சொன்னால் அண்ணன் சிரிப்பார். ஆனால் காலண்டர் விஷயம் என் விஷயம். அந்த வீட்டில் தினம் தேதி கிழிப்பவள் நான்தான். ஒருநாள் தாள் கிழிபடாமல் நின்றால்கூட எனக்கு உறுத்தும். எழுந்து போய் மதினியின் காலைத் தொட்டேன்.

"மதினி, ஒன்னு கேப்பேன், சிரிக்கக் கூடாது. ஒங்க பொட்டியில யாரும் தேதி கிழிக்கிறதில்லையா? அது இன்னும் நம்ம புள்ள கல்யாணத்துக்கு முன்னாடியே நிக்குதுங்க."

மதினி எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உடனே மகளுக்குப் போன் போட்டு, நான் எழுதிய எண்ணையும் மூலையில் இருந்த தேதியையும் படித்தார். அந்தப் பக்கம் மகள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "அய்யோ அம்மா! தேதி தப்பா இருந்தா அப்டேட் அனுப்புற கம்பெனி ஒம்பொட்டிய நம்பவே நம்பாது. மொதல்ல அதை மாத்தும்மா!"

மாற்றினார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த நாள் எது என்று நான் சொல்லச் சொல்ல, மதினி எண்ணைத் தட்டினார். அப்டேட் கொடுத்தார். புள்ளிகள் சுற்றின. பிறகு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று எண்கள் ஏற ஆரம்பித்தன.

மகள் போனிலேயே விளக்கம் சொன்னாள். பெட்டிக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறதாம். கரன்ட் இல்லாதபோது தேதியை ஞாபகம் வைத்துக்கொள்வது அதுதானாம். தினமும் பிளக்கைப் பிடுங்கினால் அது சீக்கிரம் செத்துப்போகுமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மதினி, பிடுங்குனது நாந்தான்" என்றேன். மதினி விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல். "கெடுத்தவளும் நீதான், கண்டுபுடிச்சவளும் நீதான். எனக்கு எதுக்குத்தா கடைக்காரன்?"

சிரிப்புச் சத்தம் கேட்டு அண்ணன் வந்தார். கதையைக் கேட்டதும், "வரலாறு படிக்கிறவளுக்கு வருசம் தெரியலயாக்கும்" என்றார். மதினி திரும்பினார். "பிளக்கைப் பிடுங்குன்னு சட்டம் போட்ட மகாராசா, இந்த எண்ணு நூறைத் தொடுற வரைக்கும் சுவிட்சுப் பக்கம் ஒரு ஈ காக்கா வரக் கூடாது. பாத்துக்கங்க." அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு சுவிட்ச் போர்டுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தார். மதியச் சோற்றைக்கூட அங்கேயே வாங்கித் தின்றார். முப்பதில் திரை கறுத்து, பெட்டி தானாக அணைந்து தானாக எழுந்தபோது மூன்று பேரும் ஒன்றாக எழுந்து நின்றுவிட்டோம். அது முப்பத்தொன்று என்றது. உட்கார்ந்தோம். சாயங்காலம் காப்பி போடுகிற நேரத்துக்கு நூறு ஆனது. "வண்டி கெளம்பிருச்சு, ரைட் ரைட்!" என்று அண்ணன் சுவரைத் தட்டினார் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது.

மறுநாள் பரீட்சை முடிகிறவரை பிளக்கை யாரும் தொடவில்லை. மதினி கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். வெளியே நானும் அண்ணனும் மிக்சி போடவில்லை, பேசிக்கொள்ளக்கூட இல்லை. அந்தத் தாள் தேறியது. பட்டம் தபாலில் வந்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அண்ணன். தெருமுனை வரை போய், வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிவிட்டுத்தான் மதினியிடம் கொடுத்தார்.

இப்போது மதினி மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே புது வீடு கட்டிக் குடிபோகிறார்கள். போன வாரம் பத்திரிகை வந்தது. பொடி எழுத்து எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது, ஆனாலும் மதினியின் பெயருக்குப் பின்னால் பி.ஏ. நிற்பதைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குக் கீழே, அத்தை என்று என் பெயரும் இருக்கிறது. போனில் மதினி சொன்னார்: "ஒம்பேருக்குப் பின்னால என்ன போடுறதுன்னு மக கேட்டா. தேதி பாக்குறவன்னு போடுன்னேன், அச்சாபீஸ்காரன் ஒத்துக்கல." இதையெல்லாம் எழுதி அனுப்பச் சொன்னவரும் அவர்தான். கையோடு அங்கே கொண்டுபோன அதே பெட்டியில், புது பேட்டரியோடு, டைப் அடிக்கப் போகிறாராம்.

சனிக்கிழமைத் தாளையும் இதோடு வைத்து அனுப்புகிறேன். வளைவுகள் சரியா என்று தெரியாது. மகள் என்ன சொன்னாள், முப்பதிலா நாற்பதிலா திரை கறுத்தது என்பதெல்லாம் என் ஞாபகத்தில் இருப்பதுதான். டைப் அடிப்பதற்கு முன்னால் மதினி ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். தேதியை முதலில் பாருங்கள் மதினி. அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக ஏறிவிடும்.