டெல்லியில் நான் கேட்காத கேள்வி

போன மாதம் அரியலூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பேச வந்தவர் மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, பட்டம் சொல்லி, 'அவர்களே, அவர்களே' என்று அழைத்துக்கொண்டே போனார். வெயிலில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, "விஷயத்துக்கு வாய்யா!" என்று கத்திவிட்டேன். மகன் என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தான். பெரியவருக்கு வயதாகிவிட்டது என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. வயதானதால் வந்த கோபம் இல்லை இது. நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது. யார் மேல் என்பதைத்தான் எழுத வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து அரியலூரில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வட்டார இளைஞர் மன்றங்களுக்கெல்லாம் செயலாளர். மேடைப் பேச்சாளன் என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயருக்காக எதையும் செய்வேன்.

குன்னம் பக்கத்து மன்றம் ஒன்றின் தலைவன் என்னைவிட நாலைந்து வயது இளையவன். ஊர் ஏரியைத் தூர்வார நூற்றுக்கணக்கான இளைஞர்களை மண்வெட்டியோடு கொண்டு வந்து நிறுத்தியவன். பி.யூ.சி. வரை படித்திருந்தான். அவனுடைய அப்பா எங்கள் உறவினர்களின் நிலத்தில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். எங்கள் குடும்பம் கீழப்பழுவூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

அந்த ஏரி வேலைக்குப் பரிசாகத்தான் டெல்லி அழைப்பு வந்தது. அனைத்துலகப் பாதுகாப்பு குறித்து அங்கே ஒரு மாநாடு. பல நாட்டு மந்திரிகள், படைத்தளபதிகள், வெளியுறவு அதிகாரிகள் வருகிறார்கள். அதில் ஒரு பிற்பகல், நாடெங்கிலுமிருந்து வரும் இளம் தலைவர்கள் அந்தப் பெரியவர்களைச் சந்தித்துக் கேள்வி கேட்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு நிமிடம். எங்கள் குழுவில் கேட்க வேண்டியவன் அவன். அவனுக்கு ஆங்கிலம் பேச வராது என்பதால் மொழிபெயர்க்க நான். ஏற்பாடு அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரு கேள்விதான் இருந்தது. அவனுடைய அண்ணன் ஈராக்குக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். பஸ்ரா பக்கம் ஒரு கம்பெனி முகாம். போன கொஞ்ச நாளில் ஈரானோடு சண்டை தொடங்கிவிட்டது. ஆறேழு மாதமாகக் கடிதம் இல்லை. கடைசிக் கடிதத்தில் பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறான் என்றும், முகாமுக்குப் பக்கத்திலேயே குண்டு விழுகிறது என்றும் எழுதியிருந்தார். ஊரில் அண்ணியும் இரண்டு பெண் குழந்தைகளும்.

கேள்வியை அவன் மனப்பாடம் செய்திருந்தான். அரியலூரில் ரயில் ஏறியதிலிருந்து எனக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தான்.

"பஸ்ரா பக்கம் கேம்ப்ல நம்ம பக்கத்து ஆளுங்க ஒம்போது பேரு மாட்டிக்கிட்டு இருக்காங்க. பாஸ்போர்ட்ட கம்பெனிக்காரன் புடுங்கி வச்சிருக்கான். பேரெல்லாம் நான் சொல்றேன். எப்பக் கூட்டியாருவீங்க? சரியா இருக்கா சார்?"

"இவ்ளோதானா? முன்னாடி ஒண்ணும் வேண்டாமா?"

"முன்னாடி என்ன சார் வேணும்?"

"தம்பி, அது நம்மூரு பஞ்சாயத்து இல்ல. உலகமே பாக்கும். எடுத்த எடுப்புல கம்பெனிக்காரன் புடுங்கி வச்சிருக்கான்னா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அவன் சிரித்தான். "கம்பெனிக்காரன் புடுங்கி வச்சிருக்கான்னுதான் நெனப்பாங்க."

இந்தப் பதிலில் இருந்த அறிவு எனக்கு எரிச்சலைத் தந்தது. சென்னையில் வண்டி மாறிய பிறகு, ஆந்திரத்தைத் தாண்டும்போது நான் வேலையைத் தொடங்கினேன். நீ தமிழில் சொல்லி நான் ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டு நிமிடம் பாதியாகிவிடும் என்றேன். உண்மைதான். நானே நேராகக் கேட்டுவிடுகிறேன், நீ பக்கத்தில் இரு என்றேன். அவன் விரல்விட்டுப் பெயர்களை எண்ணிக்கொண்டான்.

"பேரு ஒம்போதும் ஞாபகம் இருக்குமா சார்?"

"என்னப்பா, எத்தனை வருஷமா மேடை ஏறுறேன்."

"சரி சார். நீங்க கேட்டா நான் கேட்ட மாதிரிதான். ஆனா கேட்டுருங்க."

எங்கள் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பேச எழுந்தவன் மேடையில் உள்ளவர்களில் ஒருவரையும் விடாமல் விளிக்க வேண்டும். விட்டால் வம்பு. ஜெயங்கொண்டத்தில் ஒரு கூட்டத்தில் அரிசி ஆலைக்காரர் ஒருவரின் பெயரை விட்டுவிட்டேன் என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். சமாதானம் செய்ய அவர் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தோம். அதிலிருந்து நான் யாரையும் விட்டதில்லை. யாருக்கு முன்னால் யார் என்ற வரிசையும் தப்பியதில்லை. அது எனக்குப் பெருமை.

டெல்லி மண்டபத்தில் அந்த மேடை நீளமாக இருந்தது. ஏறக்குறைய ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப்பலகை. எங்கள் முறை வந்தது. ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. நான் எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தலைவரில் தொடங்கினேன். மாண்புமிகு இன்னார், மேன்மைதங்கிய இன்னார் என்று பலகைகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக விளித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் பேர் வந்தபோது தலை நிமிர்ந்து திகைப்போடு பார்த்தார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அழைத்தவர்களுக்கு நன்றி சொன்னேன். பிறகு, நான் கடல் கடந்து கப்பற்படை அனுப்பிய சோழ மன்னனின் தலைநகருக்குப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்றேன். கைதட்டினார்கள். கைதட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பழந்தமிழ்ப் பாட்டைச் சொல்லி, அதற்கு ஆங்கிலத்தில் பொருளும் சொன்னேன்.

மணி அடித்தது.

தலைவர் சிரித்த முகத்தோடு நன்றி என்றார். நானும் நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஒலிபெருக்கி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

"சார், கேக்கலியே," என்றான் அவன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, மறுபடியும் சொன்னான். "சார். கேக்கவே இல்லியே சார்."

அடுத்து எழுந்தது கேரளத்துப் பெண் ஒருத்தி. இருபது வயதுதான் இருக்கும். வணக்கம்கூடச் சொல்லவில்லை. உடைந்த ஆங்கிலத்தில், என் மாமா பஸ்ராவில் இருக்கிறார், கூட எங்கள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். கம்பெனிப் பெயரையும் சொன்னாள். அதே கம்பெனி. மேடையின் ஓரத்தில் இருந்த வெளியுறவு அதிகாரி பேனாவை எடுத்து, பெயர்களைச் சொல்லம்மா என்றார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

கம்பெனிப் பெயரைக் கேட்டதும் பக்கத்தில் அவன் எழுந்துவிட்டான். கையைத் தூக்கி, "சார், எங்க ஆளுங்களும் சார்..." என்று தமிழில் சொல்லத் தொடங்கினான். நாலு தலை திரும்பியது. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "மானத்த வாங்காத. உக்காரு," என்றேன்.

அவன் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததற்கு என்னுடைய இழுப்பு காரணமில்லை. எங்கள் பக்கத்தில் என் போன்றவன் உட்காரு என்றால் அவன் போன்றவன் உட்கார்ந்து பழகியிருந்தான், தலைமுறைகளாக. ஏரிக் கரையில் அத்தனை பேருக்குக் கட்டளையிட்டவன் என் ஒரு சொல்லுக்கு உட்கார்ந்தான். இதை நினைக்கும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல வருகிறது.

கூட்டம் முடிந்ததும் அவன் என்னைப் பார்க்காமல் வெளியே புல்வெளிக்குப் போய்விட்டான். நான் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். அந்த வெளியுறவு அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வாயைத் திறந்தால் தமிழ். தஞ்சாவூர்க்காரராம்.

"பிரமாதமாப் பேசினேப்பா. உங்க ஊர்ப் பக்கமெல்லாம் சின்ன வயசுல வந்திருக்கேன். அது சரி, கடைசில ஒண்ணும் கேக்கலியே? ஏதாவது கேக்க வந்தியா?"

எழுதிய தாளும் பேனாவும் அவர் சட்டைப்பையில் இருந்தன. தமிழ் தெரிந்த மனிதர். அவன் தமிழிலேயே கேட்டிருக்கலாம். ஒன்பது பெயரும் எனக்கு ஞாபகம் இருந்தன. ஆனால் சொன்னால், இதைக் கேட்க வந்துவிட்டா அவ்வளவு நேரம் அளந்தாய் என்று நினைப்பாரே.

"ஒண்ணும் இல்லீங்க சார். பெரியவங்கள எல்லாம் பாத்ததே போதும்," என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த மாநாட்டின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. போரைப் பற்றிப் பேச உலகத்தையே கூட்டிவிட்டு, அதில் அகப்பட்டவனின் தம்பிக்கு இரண்டு நிமிடமும் ஒரு மணியும் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் கேரளத்துப் பெண்ணுக்கும் அதே இரண்டு நிமிடம்தான். பாதிகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. அதனால் என் கோபம் டெல்லி வரை போய்விட்டு என்னிடமே திரும்பி வந்துவிடுகிறது.

திரும்பும்போது ரயிலில் அவன் என்னோடு பேசவில்லை. அரியலூர் நிலையத்தில் மாலையோடும் பொன்னாடையோடும் ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்குப் போட்டார்கள். அவன் மாலையை வாங்காமல் கூட்டத்தை விட்டு விலகி நின்றான். அவனுடைய அண்ணி இளைய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குன்னத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கொழுந்தனிடம் கேட்காமல் நேரே என்னிடம்தான் வந்தார். படித்தவன் நான்தானே.

"எப்ப வருவாருன்னு சொன்னாங்க சார்?"

வெளியுறவு நடைமுறைகள், தூதரகம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"கேட்டீங்களா சார், இல்லியா?"

"நேரம் போதலம்மா."

"போயி வர ஒரு வாரம் ஆச்சு. ஒரு வாய் வார்த்தைக்கு நேரம் இல்லியா?"

மாலைபோட்டவர்களில் ஒருவர், "சாரு டெல்லியில பேசி கைதட்டல் வாங்கிட்டு வந்திருக்காரு, போம்மா," என்றார். நான் அவரைத் தடுக்கவில்லை. கழுத்தில் மாலையோடு நின்றேன்.

பிறகு நான் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். டெல்லிக்குக் கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை. அந்த அதிகாரியின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் உட்கார்ந்திருந்த மேடை ஓரத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கவில்லை. பலகை இல்லாத ஒரே ஆளைத்தான் நான் விளிக்காமல் விட்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, அண்ணன் வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்து லெப்பைக்குடிக்காட்டிலிருந்து அந்த நாட்டுக்குப் பிழைக்கப் போயிருந்த ஒருவர், தனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லிப் பாதி வழி கொண்டுவந்து சேர்த்தாராம். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

கட்டிலில் உட்கார்ந்து அவர் ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னார். தம்பி வாசலில் நின்றிருந்தான்.

"ஒரு நாளு காலையில கேம்ப் வாசல்ல பஸ்ஸு வந்து நின்னுச்சு சார். எம்பசி ஆளு பேரு பேராக் கூப்புட்டான். பூரா மலையாளத்து ஆளுங்க. நாங்களும் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். பேரச் சொன்னோம். லிஸ்ட்டப் பாத்துட்டு, இல்லன்னுட்டான். இன்னொரு பஸ்ஸு வரும்னான். மறு வாரம் குண்டுதான் வந்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அவனுங்களுக்கு யாரோ டெல்லியில ஆளு இருந்திருக்கான் சார். நமக்கு யாரு இருக்கா?"

வாசலில் நின்றவன் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனிடம் அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவேளை என்னை அவன் காப்பாற்றினான். அல்லது அண்ணனைக் காப்பாற்றினான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நான் சொல்லிவிட்டேன். மண்டபத்தையும், விளித்ததையும், மணி அடித்ததையும், அந்தக் கேரளத்துப் பெண் கேட்டதையும், சட்டையைப் பிடித்து இழுத்ததையும், தேநீர்க் கோப்பையோடு அந்தத் தஞ்சாவூர்க்காரரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். கடைசியாகச் சொன்னது அவனுக்கே அதுவரை தெரியாது. அவன் வாசலை விட்டு நகர்ந்து தெருவுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசியதில்லை. பேருந்தில் எதிரே உட்கார்ந்தால்கூட எழுந்து பின்னால் போய்விடுவான்.

அண்ணன் தம்பி போன பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "விடுங்க சார். நீங்க சொல்லியிருந்தா மட்டும் அந்த டெல்லிக்காரன் கேட்டிருப்பானா? நம்ம பேச்சு எங்க சார் எடுபடும்?" என்றார். எத்தனையோ பேர் பிற்பாடு எனக்கு இதே ஆறுதலைச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய இடத்தில் நம் குரல் எடுபடாது, நீ கேட்டும் பயன் இருந்திருக்காது என்று.

அடுப்படியிலிருந்து அண்ணி வெளியே வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. கணவரிடம்தான் சொன்னார்.

"அந்த மலையாளத்துப் புள்ள கேட்டுச்சு. பஸ்ஸு வந்துச்சுல்ல?"

 நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.