நிலவறையில் நான் வென்ற வாதம்

பதினொரு வயதில் நான் ஒரு விவாதத்தில் வென்றேன். அதற்கு நடுவர் இல்லை, கேடயம் இல்லை, கைதட்டல்கூட இல்லை. எதிரணியில் நின்றவர் என் சித்தப்பா. களம், ஜேர்மனியின் தெற்கே ரேகன்ஸ்பூர்க் என்னும் பழம்பெரும் நகரத்தில், பழைய நகரசபைக் கட்டடத்தின் அடியில் இருக்கும் ஒரு நிலவறை. அதன் பிறகு எத்தனையோ மேடைகளைக் கண்டுவிட்டேன். பல்கலைக்கழக விவாத அணியில் என் முறை வரும்போது எதிரே இருப்பவர்கள் அவசரமாகக் குறிப்பேட்டைப் புரட்டுவார்கள் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பெருமையும் உண்டு. ஆயினும் அந்த முதல் வெற்றியைப் பற்றி நான் எந்த மேடையிலும் பேசியதில்லை.

நாங்கள் எசன் நகரத்தில் இருந்தோம். சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் எனக்குப் பேச்சுக்கலை கற்பித்தார்கள். எந்த வாக்கியத்தில் குரலை உயர்த்துவது, எந்த இடத்தில் நிறுத்தி அவையின் கடைசி வரிசையைப் பார்ப்பது, எதிரணி ஒன்றைச் சொன்னால் அதற்குச் சான்று கேட்பது எப்படி என்றெல்லாம் ஒழுங்காகப் பயின்றிருந்தேன். அந்த ஆண்டு பேச்சுப் போட்டியில் முதற்பரிசும் எனக்கே. வீட்டிலோ என் பதவி அதைவிடப் பெரிது. அம்மாவுக்கு வைத்தியரிடமும், அப்பாவுக்கு அலுவலகங்களிலும் வாய் நான்தான். தபாற்பெட்டியின் சாவியே என்னிடம் இருந்தது. அரசாங்க அலுவலகத்திலிருந்து பழுப்பு நிறக் கடித உறை வந்தால், பக்கத்து வீட்டு அக்காமார்கூட நான் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருப்பார்கள்.

சித்தப்பா அதற்கு முந்திய குளிர்காலத்தில் வந்து சேர்ந்தவர். அப்பாவின் தம்பி. இலங்கையில் யுத்தம் முடிந்தபின் பதினான்கு மாதம் அவரை உள்ளே வைத்திருந்தார்கள் என்பது மட்டுமே எங்கள் வீட்டில் தெரிந்த செய்தி. ‘உள்ளே’ என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கம்பிக் கதவும் ஒரு பாயும் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். அவர் அகதிகள் விடுதியில் தங்கி, வார இறுதிகளில் எங்களிடம் வருவார். சாப்பிடுவார், கோப்பையைத் தானே கழுவி வைப்பார், தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்ப்பார். அவருடைய அகதிக் கேஸைப் பார்த்த சட்டத்தரணி அப்பாவிடம் சொன்னதைத் தமிழாக்கியவள் நான்: உள்ளே என்ன நடந்தது, எங்கே, எப்படி என்பதையெல்லாம் விசாரணை நாளில் அவரே தன் வாயால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேஸ் நிற்காது. சித்தப்பா தலையாட்டினார். ஆனால் அப்பா எத்தனை முறை தனியே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டும், ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த நிலையில்தான் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சேர்ந்து, பெந்தெகொஸ்தே விடுமுறையில் இரண்டு நாள் பேருந்துச் சுற்றுலா ஒன்றை ஒழுங்கு செய்தார்கள். விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை.

“அவனையும் கூட்டிக்கொண்டு போவம்,” என்றார் அப்பா. “நாலு சனத்தோட சிரிச்சுக் கதைச்சா வாய் திறப்பான். எனக்குச் சொல்லாட்டியும் பரவாயில்லை, ஆருக்காவது ஒருக்காச் சொன்னானெண்டால் செவ்வாய்க்கிழமை தானா வரும்.”

அகதி விண்ணப்பம் கொடுத்தவர் மாநிலத்தை விட்டு வெளியே போவதற்கு அந்நாளில் அனுமதிக் கடிதம் வேண்டும். அலுவலகத்தில் அதைப் பேசிப் பெற்றுக் கொடுத்தவளும் நான். ஆகவே சித்தப்பா ரேகன்ஸ்பூர்க் வந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது என்று அப்போது பெருமைப்பட்டேன்.

நகரத்தில் மழை. எங்களுக்காக அமர்த்தப்பட்ட வழிகாட்டி, சிவப்புக் குடை பிடித்த ஒரு வயதான பெண்மணி. எங்கள் பெரியவர்களுக்கு ஜேர்மன் தெரியாமல் இல்லை. இருபது ஆண்டு சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் கற்ற ஜேர்மன் அது. பேரரசர்களையும் திருச்சபைகளையும் அந்தப் பெண்மணி தென் ஜேர்மனிய உச்சரிப்பில் அடுக்கத் தொடங்கியதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“இது டொச்சோ, இல்லாட்டி வேற பாஷையோ?” என்றார், உணவகமொன்றில் சமையல் வேலை செய்யும் ஒரு மாமா. “பிள்ளை, முன்னுக்கு வாங்கோ. எங்களுக்கு உங்கட வாய்தான் காணும்.”

முன்னுக்குப் போனேன். நாற்பது பேர் கொண்ட அவை. இதைவிட என்ன வேண்டும்?

டானூப் ஆற்றின் மேல் நிற்கும் கற்பாலத்தில், வழிகாட்டி அதன் கதையைச் சொன்னார். பாலம் கட்டியவன் பேயோடு ஒப்பந்தம் செய்தானாம்: பாலத்தை முதலில் கடக்கும் உயிர்கள் பேய்க்கு. வேலை முடிந்ததும் மனிதர்களை விடாமல், சேவலையும் கோழியையும் துரத்திவிட்டு ஏமாற்றினானாம். நான் அதை ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தேன்.

“பேய்க்கே சுத்தியிருக்கிறான் எண்டால், உவன் எங்கட ஏஜென்சிக்காரருக்குச் சொந்தக்காரனாத்தான் இருப்பான்,” என்றார் சமையற்கார மாமா. ஆட்களை நாடு விட்டு நாடு கடத்திக்கொண்டு வருகிறவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். கூட்டம் சிரித்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: “அவனெண்டாலும் பாலத்தைக் கட்டி முடிச்சவனெல்லே அண்ணை. என்ர ஆள் பாதிப் பாலத்தில விட்டிட்டெல்லே ஓடினவன்.”

சித்தப்பா! சிரிப்பு இரு மடங்காயிற்று. அவரும் சிரித்தார். முன்பற்களில் ஒன்று இல்லை என்பதை அன்றுதான் கண்டேன். அம்மா அப்பாவின் கையை மெதுவாகத் தட்டினார். அப்பாவின் முகத்தில் மழைத்தண்ணீரைத் துடைத்த மலர்ச்சி. அதையும் என் மொழிபெயர்ப்பின் வெற்றி என்றே கணக்கில் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் நகரசபைக் கட்டடத்துக்குள் போனோம். மேலே அழகான பெரிய மண்டபம். கீழே குனிந்து நுழைய வேண்டிய நிலவறை. முற்காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களை வைத்து விசாரித்த இடம். ஏணி போன்ற ஒரு சட்டம், கூர்முதுகு கொண்ட ஒரு மரக்குதிரை, உத்தரத்தில் ஒரு கப்பி, அதிலிருந்து தொங்கும் கயிறு. ஒரு பக்கத்தில் மரச்சட்டத் தட்டி. கேள்வி கேட்பவர்கள் அதன் பின்னால் உட்கார்ந்திருப்பார்களாம். எழுத்தர் சொல்லுக்குச் சொல் எழுதுவாராம். வழிகாட்டி குரலைத் தாழ்த்தி, சுருக்கமாகவே பேசினார். “கைகளை முதுகுப்புறம் கட்டி, இந்தக் கயிற்றால் மேலே தூக்குவார்கள். சில வேளை காலில் கல்லும் கட்டுவார்கள்.” அவ்வளவுதான் அவர் சொன்னது.

அவ்வளவோடு விட என்னால் முடியுமா? அப்படியொரு அரங்கம் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. கையை உயர்த்தி அந்தக் கயிற்றைக் காட்டினேன்.

“எண்ணிப் பாருங்கள்! கைகளோ பின்னால், கால்களோ காற்றில்! அவன் அலறினான்! அந்த அலறல் இந்தக் கற்சுவர்களில் மோதியது! வீதியெங்கும் எதிரொலித்தது! சந்தைக்கு வந்தவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள்!”

நிறுத்தினேன். கடைசி வரிசையைப் பார்த்தேன். கடைசி வரிசையில் சித்தப்பா நின்றார்.

“கத்த ஏலாது, பிள்ளை,” என்றார்.

“என்ன சித்தப்பா?”

“அப்பிடித் தூக்கினா கத்த ஏலாது. நெஞ்சு இழுபட்டுப் போகும், மூச்சு மேல வராது. முதல் கொஞ்ச நேரந்தான் சத்தம். பிறகு பக்கத்து அறையில இருக்கிற ஆளுக்கும் கேக்காது. கேக்காதபடியாத்தான் அவங்கள் நெடுநேரம்…”

அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். பாலத்தில் கேட்ட குரல் அல்ல அது. பாட்டுக்கு மெட்டுத் தேடுகிறவனைப் போல, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டு வந்தது. அப்பா அசையாமல் நின்றார். அம்மா இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பேச்சின் உச்சத்தில், நாற்பது பேர் முன்னிலையில், ஒருவர் என்னைத் திருத்துகிறார் என்பதுதான். சந்தையும் எதிரொலியும் என் சொந்தச் சரக்கு என்பது வெளியே வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

“வழிகாட்டி அம்மா அப்பிடிச் சொல்லேல்லையே, சித்தப்பா,” என்றேன். “நீங்கள் சொல்லுறதுக்கு என்ன ஆதாரம்? நீங்கள் பாத்தனீங்களோ?”

யாரோ ஒருவர் பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சித்தப்பா கயிற்றிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட மனிதர் மன்னிப்புக் கேட்கும்போது இருக்கும் முகம் அது.

“இல்லை, பிள்ளை,” என்றார். “எனக்குத் தெரியாது. நீ சொல்லு.”

“பிள்ளை, காணும், நிப்பாட்டு,” என்றார் அப்பா.

“இன்னும் முடியேல்லை, அப்பா.”

வழிகாட்டி எங்களை மாறி மாறிப் பார்த்து, ஏதாவது கேள்வியா என்று ஜேர்மனில் கேட்டார். கேள்வி ஒன்றுமில்லை, சிறியதொரு கருத்து வேறுபாடு, தீர்ந்துவிட்டது என்று அழகான ஜேர்மனில் பதில் சொன்னேன். அவர் தொடர்ந்தார்: வலியில் சொன்ன வாக்குமூலம் போதாது, அடுத்த நாள் கட்டுகள் எதுவுமின்றி, அதே மனிதன் அதைத் தன் வாயால் மறுபடி சொல்ல வேண்டும், அப்போதுதான் செல்லுபடியாகும். இதையும் குறைவில்லாமல் தமிழில் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் விளங்கிற்றா என்று பார்த்தேன். கடைசி வரிசையில் சித்தப்பா இல்லை. அப்பாவும் இல்லை.

மேலே வந்தபோது இருவரும் வாசலுக்கு வெளியே ஒரே குடையின் கீழ் நின்றுகொண்டிருந்தார்கள். குடை முழுவதும் சித்தப்பாவின் பக்கம். அப்பாவின் ஒரு தோள் நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. ஒரு அக்கா என் கையில் சொக்கிலேற் ஒன்றைத் திணித்து, “நல்லாச் சொன்னனீங்கள் பிள்ளை, ஆனால்…” என்று தொடங்கி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு போய்விட்டார். வாக்கியத்தின் முதற்பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். திரும்பும் பேருந்தில் சமையற்கார மாமா சிரிக்க வைக்க எத்தனையோ பகிடிகள் விட்டார். சித்தப்பா கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரை போல இருந்தார். நித்திரை இல்லை, இமைகள் அசைந்துகொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு போனார். நானும் வந்து மொழிபெயர்க்கிறேன் என்றேன். அங்கே அதற்கென்று ஆள் உண்டு, சின்னப்பிள்ளைகளை விடமாட்டார்கள் என்றார் அம்மா. எனக்கு அது பெரிய அவமதிப்பாகப் பட்டது. விசாரணை பின்னேரம்வரை போகலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். ஆனால் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா ஏற்கெனவே குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“முக்கால் மணித்தியாலத்தில முடிஞ்சுது,” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “உள்ள இருந்தனான், அடிச்சவங்கள் எண்டு மட்டும் சொன்னவனாம். எப்பிடி அடிச்சவை, எங்க வைச்சு எண்டு விசாரணைக்காரர் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கினம். தெரியாது, தெரியாது எண்டிட்டானாம்.”

“அண்டைக்கு அந்த நிலவறைக்குள்ள நிண்டு தானாக் கதைக்கத் தொடங்கினவரெல்லே,” என்றார் அம்மா. “ஒரு அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா…”

“சும்மா இரும். பிள்ளை நிக்குது.”

நான் புத்தகப் பையைக் கழற்றினேன். என் முன்னால் பேசக்கூடாத ஏதோ பெரியவர்கள் சங்கதி என்று எண்ணி, அறைக்குள் போய்விட்டேன்.

இலையுதிர்காலத்தில் கடிதம் வந்தது. சித்தப்பாவும் அன்று எங்கள் வீட்டில் இருந்தார். குசினி மேசையில் வைத்து உறையைக் கிழித்து, வழமைபோல் முதலில் ஜேர்மனில் உரக்க வாசித்து, பிறகு தமிழில் சொன்னேன். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தனக்கு நேர்ந்ததாக விண்ணப்பதாரர் கூறியவற்றில் விவரங்கள் இல்லை. நேரில் அனுபவித்த ஒருவர் சொல்லக்கூடியவை எவையும் அவருடைய கூற்றில் காணப்படவில்லை. ஆகவே அது நம்பத்தக்கதன்று. மேன்முறையீட்டுக்கு இத்தனை நாள் அவகாசம் என்றும் இருந்தது. ஒரு சொல்லிலும் நான் தடுமாறவில்லை. அம்மா அடுப்பை அணைத்தார். அந்த மேன்முறையீடு முடிவதற்குள்ளேயே சித்தப்பா ஒரு பையோடு பிரான்ஸ் பக்கம் போய்விடுவார் என்பதோ, அதன் பிறகு வருடத்துக்கு ஓரிரு தொலைபேசி அழைப்புகளில் மட்டுமே அவர் எங்களுக்கு இருப்பார் என்பதோ அப்போது யாருக்கும் தெரியாது.

எனக்கு அவர் மேல் ஆற்றாமையாக இருந்தது. இவ்வளவு எளிய காரியத்தை ஒரு பெரிய மனிதர் ஏன் கெடுத்துக்கொண்டார்?

“நீங்கள் எல்லாத்தையும் வடிவாச் சொல்லியிருக்கலாமே, சித்தப்பா,” என்றேன். “நடந்ததைச் சொல்லுறதுக்கு என்ன?”

அவர் கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார். என் தலையை ஒருமுறை தடவினார்.

“சொன்னா ஆர் பிள்ளை நம்புவினம்?”

அவரை விசாரித்த அந்த முகம் தெரியாத அதிகாரியைத்தான் சொல்கிறார் என்று எண்ணினேன். அந்த ஆள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்று மாலையே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மனிதன் மனம் திறந்து பேச வரும்போது செவி கொடுக்காத கல்நெஞ்சக்காரர்களைக் கண்டித்து, ஜேர்மன் மொழியில் இரண்டு பக்கம் எழுதினேன்.